வீட்டு பீரும் பச்சைத் தண்ணீரும்: புதிதாகக் காய்ச்சுபவர்களுக்கு

கொதித்து முடித்தபோது அண்டாவில் பீருக்கான சாறு 21 லிட்டர் இருந்தது. குளிரவைத்து முடித்துப் பார்த்தால் 22. ஆறும் திரவம் சுருங்கத்தானே வேண்டும்? நூறு டிகிரியிலிருந்து இருபதுக்கு வந்தால் நாலு சதவீதம் குறையும், அந்தக் கணக்கில் 20 லிட்டர்தான் இருந்திருக்க வேண்டும். அளவுக் குச்சியைச் சந்தேகப்பட்டு மூன்று முறை விட்டு எடுத்துப் பார்த்தேன். கடைசியில், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டரைப் போட்டதும் புரிந்துவிட்டது. 1.052 காட்ட வேண்டியது 1.047 காட்டியது. இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே புகுந்திருக்கிறது.

எங்கிருந்து என்று கண்டுபிடிக்க மறுநாள் ஆயிற்று. நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டின் பக்கம். 2021 பிப்ரவரி பனிப்புயலில் கராஜுக்குள்ளேயே எல்லாம் உறைந்து போனது. குளிரவைக்கும் செப்புச் சுருளை நான் அங்கேதான் மாட்டி வைத்திருந்தேன், உள்ளே தேங்கியிருந்த தண்ணீரை வடிக்காமல். அது உறைந்து விரிந்ததில் செம்பில் மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாது, குழாயைத் திறந்தால் மட்டும் கசியும். ஏப்ரலில் அதே சுருளைச் சாவகாசமாக அண்டாவுக்குள் இறக்கிவிட்டேன்.

அம்மா ஊறுகாய் போடும் நாளில் ஈரக் கையோடு ஜாடிப் பக்கம் போனால் திட்டு விழும். "பச்சைத் தண்ணி பட்டா பூஞ்சக்காளான் பூத்துடும்." வீட்டில் பீர் காய்ச்சுவதற்கும் அந்த ஒரு விதி முக்கால்வாசி போதும். கொதிக்கும் முன்பு எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். கொதித்த பிறகு பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது. புதிதாக வருபவர்கள் ஈஸ்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ என்று மாதக்கணக்கில் படிக்கிறார்கள். கை வெந்ததும், அண்டா அண்டாவாகக் கீழே கொட்டியதும் நான் பார்த்தவரை தண்ணீரால்தான்.

தொடங்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, வயது வந்த ஒருவர் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 100 கேலன் வரை வரி கட்டாமல் காய்ச்சிக்கொள்ளலாம். வயது வந்தவர்கள் இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் வீட்டுக்கு 200 கேலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். ஆகவே ஊருக்குப் போகும்போது அண்டாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

எந்தத் தண்ணீர்

குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று ஹீட்டர் தண்ணீரைப் பிடிப்பது எல்லாரும் செய்யும் முதல் தவறு. சுடுநீர் பழைய பைப்பிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும் ஈயத்தை அதிகம் கரைத்துக்கொண்டு வரும். அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசு 1986-இல் தடை செய்யப்பட்டது. உங்கள் வீடு அதற்கு முந்தையது என்றால், காலையில் குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஈயம் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையக் குறைய இன்னும் செறிவாகும். கிணற்றுத் தண்ணீரில் வரும் நைட்ரேட்டும் இதே கதைதான். கிணறு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை பரிசோதனை செய்யாமல் அந்தத் தண்ணீரில் எதையுமே காய்ச்ச வேண்டாம், பீர் அப்புறம்.

தோட்டத்து ஹோஸில் பிடிக்காதீர்கள். பச்சை நிற ஹோஸ் குடிநீருக்கானது இல்லை. வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து வரும் ரப்பர் வாடை பீரிலும் தங்கும். வெளியில் வைத்துக் காய்ச்சுபவர்கள், பயண வேன்களுக்கு என்று விற்கும் வெள்ளை நிறக் குடிநீர் ஹோஸை வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது குளோரின். நகரக் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல ஒன்று குளோரின் இருக்கும், இல்லையென்றால் குளோரமின். குடிக்க இரண்டும் பாதுகாப்பானவைதான். ஆனால் மால்ட்டிலும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும், அதன் வாசனை பிளாஸ்திரி மாதிரி இருக்கும். நம்மூர் ஆட்களுக்கு எளிதாகச் சொல்ல வேண்டுமென்றால், டெட்டால். அதில் கிருமி கொல்லும் சரக்கும் இதே குடும்பத்து இரசாயனம்தான். துளியூண்டு உண்டானாலே நாக்கில் தெரியும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. என்னுடைய முதல் இரண்டு காய்ச்சலும் ஆஸ்பத்திரி வராந்தா வாசனையில்தான் வந்தன. ஈஸ்ட்டை மாற்றினேன், மால்ட்டை மாற்றினேன், தண்ணீரை நினைக்கவே இல்லை.

குளோரின் என்றால் இரவு முழுக்கத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, கொதிக்கவைத்தாலும் சுலபத்தில் அசையாது. உங்கள் ஊரில் எது என்று தண்ணீர் வாரியத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்தால் தெரியும். ஆனால் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: கேம்ப்டன் மாத்திரை. இது பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும். முப்பது லிட்டருக்கு அரை மாத்திரை. இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்து, தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் வேலை முடிந்தது. நெருப்புப் பற்றவைக்கும் முன்பே, மால்ட்டைப் போடும் முன்பே செய்ய வேண்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பொடிக்கும்போது அந்தத் தூசி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சல்ஃபைட் சிலருக்கு மூச்சுத் திணறலைக் கிளப்பும்.

ஆர்ஓ தண்ணீரில் காய்ச்சலாமா என்று கேட்பார்கள். மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அதாவது மால்ட் சாற்றைச் சுண்டவைத்த பாகோ பொடியோ, போட்டுக் காய்ச்சுவதாக இருந்தால் தாராளமாக. முழுத் தானியத்தில் இறங்கினால் கால்சியம் வேண்டும், அதற்குக் கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பார்கள். முதல் நாலைந்து காய்ச்சலுக்கு அந்தப் பாடம் தேவையில்லை.

சில சமயம் நகராட்சியே "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று அறிவிக்கும். 2021 பனிப்புயலில் டெக்சாஸில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அறிவிப்பு வந்தது. ஒரு மணி நேரம் கொதிக்கத்தானே போகிறது, காய்ச்சினால் என்ன என்று தோன்றும். கொதிக்கிற வரைக்கும் சரிதான், ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தாலே கிருமி செத்துவிடும், ஆறாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் இருக்கும் மலையூர் என்றால் மூன்று நிமிடம். சிக்கல் அதற்குப் பிறகு. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரைக் கழுவும் தண்ணீர், கிருமிநாசினி கலக்கும் தண்ணீர், குளிரவைக்கும் சுருளான சில்லருக்குள் ஓடும் தண்ணீர் எல்லாம் அதே குழாயிலிருந்துதான் வரும். அந்த வாரம் காய்ச்சாதீர்கள்.

முந்தின நாள்: சில்லரைச் சோதிப்பது

கொதித்து முடித்த இனிப்பான மால்ட் சாற்றை வோர்ட் என்பார்கள். அதை ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்குச் சீக்கிரம் இறக்க வேண்டும். புதிதாக வருபவர்களிடம் பொதுவாக இருப்பது செப்புக் குழாயைச் சுருளாக வளைத்த சில்லர். அண்டாவுக்குள் அதை இறக்கி, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். கேட்க எத்தனை எளிது! ஆனால் இந்தத் தண்ணீரும் வோர்ட்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது, நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத செம்புச் சுவர்.

ஆகவே முந்தின நாள் சாயங்காலமே, காலி அண்டாவுக்குள் சுருளை வைத்து, எல்லா ஹோஸையும் மாட்டி, குழாயை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். அண்டாவின் அடி காய்ந்து இருக்க வேண்டும். நன்றாகத் துடைத்த சுருளைக் காகிதத் துண்டால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பாருங்கள், ஈரம் எங்கே என்று காகிதம் காட்டிக்கொடுக்கும். என் விரிசல் இப்படித்தான் அகப்பட்டது, மூன்றாவது வளைவில், நகத்தின் கால்வாசி நீளம்.

ஹோஸ் மாட்டும் இணைப்பு அண்டாவின் விளிம்புக்கு வெளியே, விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இது முக்கியம். கிளாம்ப் எத்தனை இறுக்கினாலும் ஒருநாள் சொட்டும். அது வெளியே சொட்டினால் தரை நனையும், அவ்வளவுதான். விளிம்புக்கு உள்ளே இருந்தால் ஒவ்வொரு சொட்டும் பீரில் விழும். கடையில் வாங்கும் சில மலிவுச் சில்லர்களில் செம்பின் முனை நேராக மேலே நிற்கும், சொட்டுகிற தண்ணீர் குழாய் வழியே அழகாக வழிந்து உள்ளே இறங்கும். அந்த முனையை மெதுவாக வளைத்து வெளியே தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

வெளியேறும் பக்கத்துக்கு சிலிக்கான் ட்யூப் போடுங்கள். சாதாரண வினைல் ட்யூப் முதல் இரண்டு நிமிடம் வரும் கொதிநீரில் நூடுல்ஸ் மாதிரி தொளதொளத்து மடங்கிவிடும். மடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். வெளியேறும் வழி அடைபட்டதும் குழாயின் அழுத்தம் முழுக்க உள்நுழையும் இணைப்பில் ஏறியது. டப் என்று கழன்ற ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளி, தோட்டத்துத் தண்ணீரை நேராக அண்டாவுக்குள் பீய்ச்சியது. நாங்கள் ஓடிப்போய்க் குழாயை மூடுவதற்குள் அண்டா நிரம்பி வழிந்துவிட்டது. இதனால்தான் வெளியேறும் பக்கத்தில் வால்வு எதுவும் கூடாது என்கிறேன். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் குழாயடியில் மட்டும். ஹோஸ் மேல் நாற்காலி, நாய், குழந்தை எதுவும் ஏறாத வழியாக இழுத்துவிடுங்கள்.

செம்பு கறுத்திருந்தால் கவலை வேண்டாம். பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் அது விஷம், போக்கிவிட்டுத்தான் இறக்க வேண்டும். வினிகரில் ஊறவைக்கச் சொல்வார்கள். நான் செப்புக் குடத்தை விளக்குவதுபோல புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். பளபளவென்று வந்துவிடும்.

கடைசிப் பதினைந்து நிமிடம்

கொதி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது சுருளை அண்டாவுக்குள் இறக்க வேண்டும். கொதிக்கும் வோர்ட்டே அதைச் சுத்திகரித்துவிடும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, யாரும் முதலில் சொல்வதில்லை. முந்தின நாள் சோதனையின் மிச்சத் தண்ணீர் சுருளுக்குள் இருந்தால், அது உள்ளேயே கொதித்து ஆவியாகி ஹோஸ் முனை வழியாகச் சீறிக்கொண்டு வரும். அந்த முனையை அந்த நேரம் கையில் பிடித்திருந்தாலோ, காலடியில் கிடந்தாலோ வெந்துபோகும். இறக்கும் முன்பு சுருளைத் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி வடித்து, வாயால் ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஹோஸ் முனைகளை ஆளில்லாத பக்கம் திருப்பி, வெளியேறும் முனையை ஒரு வாளியின் விளிம்பில் கிளிப் போட்டுக் கட்டுங்கள். சுருளை இறக்கியதும் கொதி அடங்கி, அப்புறம் திடீரென்று பால் பொங்குவதுபோலப் பொங்கும், தீயைக் கொஞ்சம் தணித்து வைத்துக்கொண்டு இறக்குவது நல்லது.

உடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். கைலியும் ரப்பர் செருப்புமாகக் காய்ச்ச வேண்டாம். வோர்ட் சர்க்கரைப் பாகு இனம், தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். முழு ஷூ, நீளமான பேன்ட், அது ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும். கேஸ் அடுப்பு என்றால் வெட்டவெளியில்தான். மழை என்று கராஜுக்குள் இழுத்துவைத்துக் கதவை மூடினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை அடித்துவிடும்.

குளிரவைப்பது

தீயை அணையுங்கள். குழாயை மெதுவாக, முதலில் கால்வாசி திறங்கள். வெளியே வரும் முதல் தண்ணீர் கிட்டத்தட்டக் கொதிநீர். அதை வாளியில் பிடித்து வைத்தால் பாத்திரம் கழுவ ஆகும், புல்லில் விட்டால் புல் வெந்துவிடும். ஹோஸ் நிலையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் முழுசாகத் திறக்கலாம். ஒரு காய்ச்சலுக்கு நூறு லிட்டர் சர்வ சாதாரணமாக ஓடும். வாஷிங் மெஷினில் பிடிக்கலாம், ஆறிய பிறகு செடிக்கு விடலாம்.

சுருளைச் சும்மா விட்டுவிடாமல், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத சுருளைச் சுற்றி மட்டும் ஒரு குளிர்ந்த அடுக்கு உண்டாகும், அரை அங்குலம் தள்ளி இன்னும் சுடும். ஆட்டினால் நாற்பது நிமிட வேலை இருபதில் முடியும். தெர்மாமீட்டரும் இதனால்தான் ஏமாற்றும். ஓர் ஓரத்தில் 22 காட்டும், கலக்கிவிட்டுப் பார்த்தால் 31. எப்போதும் கலக்கிவிட்டுப் பாருங்கள்.

அவசரம் எதற்கு? எண்பது டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஹாப்ஸ் கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும், வெளிர் மால்ட் என்றால் வேகவைத்த சோள வாசனையும் சேரும். அறுபதுக்குக் கீழே வந்ததும் காற்றில் மிதந்து வரும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு தயார். அறுபதிலிருந்து இருபது வரைதான் உண்மையான பந்தயம். அந்த நேரத்தில் அண்டாவைத் திறந்துவைத்துக்கொண்டு யாரும் தும்மக்கூடாது, இலை வாரும் மெஷினை ஓட்டக்கூடாது. சுருளைச் சுற்றி அலுமினியத் தாளால் மூடிக்கொள்வேன்.

குளிர்நாட்டில் குழாய்த் தண்ணீரே போதும். டெக்சாஸில் ஆகஸ்டில் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், முப்பது டிகிரிக்குப் பக்கம். அதை வைத்து இருபதுக்கு இறக்க முடியாது, நாள் முழுக்க ஓடவிட்டாலும் முடியாது. சென்னையில் பாட்டிலை வாளித் தண்ணீரில் போட்டால் எவ்வளவு குளிருமோ அவ்வளவுதான். இதற்கு இரண்டு கட்டமாகப் போக வேண்டும். முதலில் குழாய்த் தண்ணீரில் 38 வரை. பிறகு ஹோஸைக் கழற்றி, ஒரு வாளி ஐஸ் தண்ணீருக்குள் மீன்தொட்டி வகைச் சின்னப் பம்ப்பைப் போட்டு, அந்தத் தண்ணீரையே சுருளுக்குள் சுற்றவிட வேண்டும். 20 லிட்டரை 38-இலிருந்து 20-க்கு இறக்க 360 கிலோகலோரி எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி இருபது டிகிரிக்கு வர நூறு கிலோகலோரி எடுக்கும். கணக்குப்படி நாலு கிலோ ஐஸ் போதும். நிஜத்தில் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் விற்கும் 20 பவுண்டு ஐஸ் மூட்டை ஒன்று சரியாக வரும். நூறு டிகிரி வோர்ட்டுக்கு நேராக ஐஸ் தண்ணீரை விட்டு மூட்டையை வீணடிக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் உருகிவிடும்.

பம்ப் என்றால் மின்சாரம். ஈரத் தரை, ஈரக் கை. பிளக்கை மாட்டுவது கசிவு மின்சாரத்தில் தானே துண்டித்துக்கொள்ளும் சாக்கெட்டில்தான். சோதனைப் பொத்தானை அழுத்தி அது டிக் என்று விழுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி விட்டால் ஒயர் வழியே வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குப் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

சில்லர் இல்லாதவர்களுக்கு

முதல் காய்ச்சலுக்கே சில்லர் வாங்க வேண்டியதில்லை. எக்ஸ்ட்ராக்ட் போட்டுச் செய்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. முந்தின நாளே பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சுத்திகரித்த மூடிய பாத்திரங்களில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் பாதி அளவு, பத்து லிட்டர் வோர்ட் மட்டும் காய்ச்சி, அண்டாவைச் சமையலறைத் தொட்டியில் ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து 36 வரை இறக்கினால் போதும். நாலு டிகிரித் தண்ணீரைக் கலந்ததும் இருபது லிட்டர், இருபது டிகிரி. கொதித்த தண்ணீர் என்பதால் பச்சைத் தண்ணீர்ப் பயமும் இல்லை.

தொட்டியில் வைக்கும்போது மூடியோடு வையுங்கள். வெளித் தண்ணீரின் மட்டம் அண்டாவின் விளிம்புக்கு நாலு விரல் கீழே இருக்கட்டும். பாதியில் அண்டா மிதந்து சாய்ந்து தொட்டித் தண்ணீரைக் குடித்த கதைகள் உண்டு. ஃபிரீசர் ஐஸ் கட்டியை வோர்ட்டிலேயே போட்டால் என்ன என்பார்கள். ஃபிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ்! குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கவைக்கும். அவ்வளவே.

கண்ணாடி ஜாடிக்குள் சுடு வோர்ட்டை ஊற்றவே ஊற்றாதீர்கள். சுட்ட ஜாடியை ஐஸிலும் வைக்காதீர்கள். இருபது லிட்டர் ஜாடி விரிசல் விட்டால் சாதாரணமாக உடையாது, கத்தி கத்தியாகப் பிளக்கும், நரம்பு அறுபட்டு ஆபரேஷன் வரை போகும். பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் அழகாக இல்லாவிட்டாலும் அதையே வாங்குங்கள். அதிலும் சுடச்சுட ஊற்றி இறுக்கி மூடினால் ஆறும்போது உள்ளே வெற்றிடமாகி வாளி நசுங்கிவிடும். அப்புறம், சுடும் அண்டாவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறாதீர்கள். 20 லிட்டர் வோர்ட்டும் பாத்திரமும் சேர்த்து 25 கிலோவுக்குக் குறையாது, தளும்புகிற 25 கிலோ. குளிர்ந்த பிறகு தூக்கலாம், அல்லது ட்யூப் போட்டு இறக்கலாம்.

ஆஸ்திரேலியர்களிடையே இன்னொரு முறை பரவலாக இருக்கிறது. கொதிக்கும் வோர்ட்டை அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் கேனில் காற்றில்லாமல் அடைத்து, ராத்திரி முழுக்கத் தானே ஆறவிட்டு, மறுநாள் ஈஸ்ட் போடுவது. தண்ணீர் மிச்சம். மறுநாளே ஈஸ்ட் போடுவது வரை எனக்கு மறுப்பில்லை. "அடைத்துத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று வைப்பதுதான் ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும், கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. புளிக்காத வோர்ட்டின் பிஹெச் ஐந்துக்கு மேல், அந்தக் கிருமி 4.6-க்கு மேல் வளரும். ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டால் புளிப்பு ஏறி, ஆல்கஹாலும் சேர்ந்து அந்தக் கதவு மூடிவிடும். மிச்சம் பிடித்த வோர்ட்டை ஜாடியில் அடைத்து அலமாரியில் வைப்பவர்களுக்கும் இதேதான்.

ஈஸ்ட் போடுவது

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் சூடாக இருக்கும்போது உறை ஊற்றினால் திரிந்து நூல் நூலாக வரும். இங்கே நாம் எதிர்பார்ப்பது வெதுவெதுப்புக்கும் கீழே, ஏல் எனும் பீர் வகைக்கு 18 முதல் 20 டிகிரி. நாற்பதுக்கு மேல் ஈஸ்ட் சாகத் தொடங்கும். முப்பதில் சாகாது, ஆனால் நெயில்பாலிஷ் வாசனை தரும். இருபதுக்கு இறங்கவில்லை என்றால் அவசரப்படாமல், சுத்திகரித்த ஃபெர்மென்டரில் மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து, காலையில் ஈஸ்ட் போடுங்கள். முப்பத்திரண்டில் இப்போதே போடுவதைவிட இருபதில் நாளைக்குப் போடுவது மேல்.

கொதிக்குப் பிறகு தொடும் எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி. ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி, இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும், கழுவ வேண்டியதில்லை. கழுவினால் மறுபடி பச்சைத் தண்ணீர்! அது அமிலம், ஆகவே ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்க மூடியில் மாட்டும் ஏர்லாக்கில் ஊற்றும் தண்ணீரையும் யோசியுங்கள். வோர்ட் இன்னும் ஆறிக்கொண்டிருந்தால் உள்ளே காற்று சுருங்கி, ஏர்லாக்கில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். அதில் குழாய்த் தண்ணீர் இருந்தால் அதுதான் உள்ளே போகும். நான் வோட்கா ஊற்றுகிறேன்.

கசிந்துவிட்டால்

ஈஸ்ட் போடும் முன்பே கண்டுபிடித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. சில்லரை எடுத்துவிட்டு மறுபடி பதினைந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். கசப்பு கொஞ்சம் கூடும், வாசனை கொஞ்சம் குறையும். நீர்த்துப்போனதைச் சரிசெய்ய அந்தக் கொதியிலேயே உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்க்கலாம். என் 22 லிட்டருக்கு 300 கிராம் போட்டதும் 1.052-க்குத் திரும்பியது. பிறகு ஐஸ் தொட்டி.

ஈஸ்ட் போட்ட பிறகு தெரியவந்தால், அது நல்ல நகரத் தண்ணீர் என்றால், அப்படியே விட்டுவிடுங்கள். கெட்டால் புளிப்பாக, சளி மாதிரி நூல் இழுத்துக்கொண்டு, மேலே படலம் கட்டித் தெரியும். கெடாமலும் போகலாம், குழாய்த் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் சொற்பம்தான். பரிசோதிக்காத கிணறு, தோட்டத்துத் தொட்டி, கொதிக்கவைக்கச் சொன்ன வாரம் என்றால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

கை வெந்தால் முதலில் அடுப்பை அணைத்துவிட்டு, ஓடும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் என்பது நீளமான நேரம், கடிகாரத்தைப் பாருங்கள். ஐஸ் வைக்காதீர்கள். பேனா மை, டூத்பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ டாக்டரிடம் போங்கள். பீர் காத்திருக்கும்.

எல்லாம் முடிந்து களைத்துப்போய், சுருளைக் கழுவி அப்படியே ஆணியில் மாட்டத் தோன்றும். மாட்டும் முன்பு இரண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையில் வாயை வைத்து ஊதுங்கள். மறுமுனையில் ஒரு டம்ளர் தண்ணீராவது வரும். காற்று மட்டும் வரும்வரை ஊதி, இரண்டு வாயும் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள்.